குறையின்மையும் நிறைவும்

முதலிலிருந்து முடிவு வரை ஒரு குறையும் இல்லை என்று ஓர் இசைத்தட்டைப் பற்றிச் சொல்லுதல் தகுமா? இசை கேட்போர் இருவர் கூடினால் இக்கேள்வி எழாமல் இருப்பதில்லை. ஒருவர் தம் நெஞ்சுக்கு உவந்த தொகுப்பு ஒன்றைக் குறிப்பிட்டு, 'இதில் தள்ளத்தக்கது ஒன்றுகூட இல்லை' என்பார். மற்றவர் உடனே அதில் ஒரு பாட்டைச் சுட்டி, 'இது எப்படி?' என்பார். வாதம் வளரும், முடிவு பிறவாது. 'குறை' என்னும் சொல்லால் இருவரும் ஒரே பொருளைக் கருதாமையே அதற்குக் காரணம். ஆதலின் முதலில் சொல்லைத் தெளிவு செய்துகொண்டு, பின்னர்ப் பொருளுக்கு வருவோம்.

தொடக்கத்திலேயே ஒன்றைக் கூறிவிடுதல் நலம். இசை கேட்டல் ஆகுமா, ஆகாதா என்பது பற்றி மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. இப்னு அபித்துன்யா இசைக் கருவிகளைப் பழித்து நூல் எழுதினார். இமாம் கஸ்ஸாலி அவர்களோ தம் 'இஹ்யா'வில் 'ஸமாஃ' பற்றித் தனிப் பகுதியே வகுத்து, ஆகுவதையும் ஆகாததையும் பகுத்துக் காட்டினார்கள். அவ்வாதத்தைத் தீர்த்து வைப்பது இக்கட்டுரையின் வேலையன்று. மனிதன் ஆக்கிய படைப்பு ஒன்றை நேர்மையாக எடைபோடுவது எவ்வாறு என்பதே இங்கு நம் பொருள்.

இசைத்தொகுப்புக்கு 'ஆல்பம்' என்னும் பெயர் வந்த வகையைக் கருதினாலே கேள்வியின் ஒரு பாதி விளங்கிவிடும். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கிற்று. நீண்ட இசையைப் பல தட்டுகளில் பதித்து, அத்தட்டுகளைப் புத்தகம் போல் கட்டிய உறைகளில் இட்டு விற்றனர். அந்தக் கட்டுக்கே ஆல்பம் என்று பெயர். 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்றுச் சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசையைப் பதிக்க முடிந்தது. கட்டு ஒழிந்தது, பெயர் மட்டும் நின்றது. அதனோடு கலைஞனுக்குப் புதியதொரு பொறுப்பும் வந்து சேர்ந்தது. எதை முதலில் வைப்பது, எதை இறுதியில் வைப்பது, கேட்பவனை எந்த இடத்தில் எழச் செய்து பக்கத்தைத் திருப்ப வைப்பது என்பனவெல்லாம் அவன் எண்ண வேண்டியவை ஆயின. தனிப்பாடல் திரட்டாக இருந்தது ஒரு நெடும்பாட்டின் நிலைக்கு உயர வாய்ப்புப் பெற்றது.

நெடும்பாட்டு என்றதும், அரபுமொழித் திறனாய்வாளர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இதே கேள்வியை எழுப்பியிருப்பது நம் நினைவுக்கு வருகிறது. முஅல்லக்காக் கவிஞர்களுள் ஒருவரான ஸுஹைர் ஒரு கஸீதாவைச் செதுக்கி முடிக்க ஓராண்டு எடுத்துக்கொள்வார் என்றும், அதனால் அவர் பாடல்கள் 'ஹவ்லிய்யாத்' - ஆண்டுப் பாடல்கள் - எனப்பட்டன என்றும் கூறுவர். ஓராண்டு உழைத்தாலும் ஒரு பாட்டில் குறை நேராதிருக்குமா?

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் முதநப்பி என்னும் பெருங்கவிஞரைப் பற்றி இருபெரும் அணிகள் எழுந்தன. ஓரணியினர் அவர் கவிதையில் பழுதே காணார். மற்றோரணியினர் பழுதன்றி வேறொன்றும் காணார். அமைச்சராக விளங்கிய ஸாஹிப் இப்னு அப்பாத் அக்கவிஞரின் குறைகளை எடுத்துக்காட்டத் தனி நூலே எழுதினார். அக்காலத்தில் ரை நகரத்துக் காழியாக இருந்த அலீ இப்னு அப்தில் அஸீஸ் அல்ஜுர்ஜானீ, இவ்விரு சாராருக்கும் இடையே நின்று 'அல்வஸாத்தா' என்னும் நூலை இயற்றினார். வஸாத்தா என்றால் நடுநின்று தீர்த்தல் என்பது பொருள். அந்நூலில் அவர் வைக்கும் வாதம் எளியது. முன்னோர் கவிதைத் தொகுதிகளை எடுத்துப் பாருங்கள். குற்றம் காண்பவன் கைவைக்க இடமில்லாத ஒரு கஸீதா உங்களுக்குக் கிடைக்குமா என்று அவர் கேட்கிறார். அம்முன்னோரைக் கவிஞர் என்று ஒப்புக்கொண்டீர்கள் அல்லவா, அதே அளவுகோலை இவருக்கும் பிடியுங்கள் என்கிறார். காழி பேசும் பேச்சு இது. குறை உண்டு என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் குறை உண்டு என்பதையே தீர்ப்பாக ஏற்க மறுக்கிறார்.

நம் பவணந்தியார் நன்னூலில் எண்ணிய பத்துக் குற்றங்களையும் இவ்விடத்தில் கருதலாம். அவை நூலுக்குச் சொல்லப்பட்டவையே எனினும் இசைத்தொகுப்புக்கும் வியக்கத்தக்க வகையில் பொருந்துகின்றன. முதற்பாட்டில் கண்ட உணர்ச்சியையே ஆறாம் பாட்டிலும் தருவது 'கூறியது கூறல்'. பக்கத்தை நிரப்புவதற்காக உயிரற்ற ஒன்றை இடையே செருகுவது 'வெற்றெனத் தொடுத்தல்'. நல்லனவற்றையெல்லாம் முன்னே அடுக்கிவிட்டுப் பின்னே மெலிந்து முடிவது 'சென்று தேய்ந்திறுதல்'. விலைக்கு வரும் தொகுப்புகளில் பெரும்பாலானவை சாய்வது இக்கடைசிக் குற்றத்தால்தான் என்பதைக் கேட்டுப் பழகியவர் அறிவர்.

இனி எடுத்துக்காட்டுக்கு வருவோம். குறையற்ற இசைத்தட்டு எது என்று கேட்டால், ஜாஸ் இசை அறிந்தோர் முதலிற் கூறும் பெயர்களுள் ஒன்று, மைல்ஸ் டேவிஸ் 1959இல் வெளியிட்ட 'கைண்ட் ஆஃப் புளூ'. நியூயார்க்கில் அவ்வாண்டு மார்ச்சு 2ஆம் நாளிலும் ஏப்ரல் 22ஆம் நாளிலும் பதிவானது. ஐந்தே உருப்படிகள் கொண்டது. உலகெங்கும் மாணவர்கள் பாடநூல் போல் பயின்ற தட்டு அது. ஆனால் நடந்தது என்ன? முதல்நாள் பதிவில் நாடாக் கருவி சற்றே மெதுவாக ஓடியிருந்தது. அந்நாடாவை உரிய வேகத்தில் ஓட்டித் தட்டாக்கியபோது இசை சிறிது விரைந்தது. சுருதியும் சிறிது ஏறிற்று. ஆகவே முதற்பக்கத்தின் மூன்று உருப்படிகளும் கலைஞர்கள் வாசித்த சுருதியில் இல்லை. பிழையற்ற வேகத்தில் ஓடிய மற்றொரு நாடாவைக் கொண்டு இதைத் திருத்தியது 1990களில்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் இத்தட்டைக் குறையற்றது என்று போற்றிக்கொண்டிருந்தபோது, பாதித் தட்டு சுருதி பிசகியே ஒலித்துக்கொண்டிருந்தது! போதாக்குறைக்கு, முதலில் வந்த உறைகளில் இரண்டாம் பக்கத்து உருப்படிகள் இரண்டின் பெயர்களும் இடம் மாறி அச்சாகியிருந்தன.

இதைக் கொண்டு, அவ்வளவு பேரும் செவிடர்களா என்று நகைப்பது எளிது. நாம் அவ்வாறு நகைக்க மாட்டோம். ஹதீஸ் கலையில் 'இல்லத்' என்று ஒரு கலைச்சொல் உண்டு. வெளித்தோற்றத்தில் பழுதற்றதாகத் தெரியும் அறிவிப்பில், துறைபோகிய அறிஞர் மட்டுமே கண்டறியும் மறைவான பழுது அது. அப்பழுதையும் அறிஞர்கள் இரண்டாகப் பகுத்தனர்: அறிவிப்பின் உண்மையையே தாக்குவது 'காதிஹா', தாக்காமல் விலகி நிற்பது மற்றொன்று. புனிதமான அக்கலையை இசையோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. பகுத்துப் பார்க்கும் அந்த நுண்ணறிவை மட்டும் இரவல் கொள்கிறோம். 'கைண்ட் ஆஃப் புளூ'வின் சுருதிப் பிசகு மெய்யான குறையே. ஆயினும் அது படைப்பின் உயிரைத் தாக்கவில்லை. சுரங்கள் தமக்குள் கொண்ட உறவு கெடவில்லை. எல்லாம் ஒன்றாகவே ஏறின. குறை உண்டா என்று கேட்பதோடு நில்லாமல், உண்டான குறை எங்கே தாக்குகிறது என்றும் கேட்கவேண்டும் என்பதை இது நமக்குக் கற்பிக்கிறது.

அத்தட்டில் டெனர் சாக்ஸபோன் வாசித்தவர் ஜான் கோல்ட்ரேன். அவர் தம் குழுவினருடன் 1964 டிசம்பர் 9ஆம் நாளில் ஒரே அமர்வில் பதித்து, அடுத்த ஆண்டு வெளியிட்ட 'அ லவ் சுப்ரீம்' என்னும் தட்டே நாம் விரிவாக நோக்க எடுத்துக்கொண்டது. 'ஈடற்ற பேரன்பு' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். ஏறத்தாழ முப்பத்து மூன்று நிமிடம், நான்கு பகுதிகள். கோல்ட்ரேன் 1926இல் வட கரோலினாவில் கிறித்தவச் சமயப் பணியாளர் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் போதைப் பழக்கத்துக்கு அடிமையாகி, 1957இல் அதிலிருந்து மீண்டார். அம்மீட்சியை இறைவனின் அருள் என்றே கருதி, நன்றி செலுத்தும் வகையில் இவ்விசையைப் படைத்ததாகத் தட்டின் உறையில் அவரே எழுதியுள்ளார். பியானோ வாசித்த மெக்காய் டைனர் இளமையிலேயே இஸ்லாத்தைத் தழுவி சுலைமான் சவூது என்னும் பெயர் பூண்டவர். டிரம்ஸ் வாசித்தவர் எல்வின் ஜோன்ஸ். பாஸ் என்னும் பெருந்தந்திக் கருவியை இசைத்தவர் ஜிம்மி கேரிசன்.

கஸீதாவை எடைபோட அரபுத் திறனாய்வாளர்கள் மூன்று இடங்களைச் சிறப்பாக நோக்குவர். தொடக்கத்தின் அழகு, ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குக் கடக்கும் அழகு, முடிவின் அழகு என்பன அவை. இரண்டாவதை 'ஹுஸ்னுத் தகல்லுஸ்' என்பர். நெடுந்தட்டுக்கும் இம்மூன்று இடங்களே உரைகல் என்பது நம் கருத்து.

தொடக்கம்: சேகண்டி போன்றதொரு பெருந்தட்டின் முழக்கம். அதன் அதிர்வு அடங்குமுன் சாக்ஸபோன் ஓர் அழைப்பு விடுக்கிறது. பின்னர் பாஸ் தனியே நான்கு சுரங்கள் கொண்ட சிறு தொடர் ஒன்றை எடுக்கிறது. அந்நான்கு சுரங்களே முதற்பகுதி முழுவதற்கும் வித்து. பகுதியின் பிற்பாதியில் கோல்ட்ரேன் அத்தொடரைப் பன்னிரு சுருதி நிலைகளிலும் மாறிமாறி வைத்துக் காட்டுகிறார். எந்தத் திசையில் திரும்பினாலும் அதுவே என்பது போல் அவ்விடம் அமைந்துள்ளது. அதன்பின்பே மனிதக் குரல் எழுகிறது. அந்நான்கு சுரங்களின்மீது தட்டின் பெயரே சொற்களாக ஏறித் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது.

கடத்தல்: அக்குரல் ஓதிக்கொண்டிருக்கும்போதே யாரும் அறிவியாமல் சுருதி ஒரு முழுச்சுரம் கீழே இறங்குகிறது. ஏன் இறங்கிற்று என்று முதன்முறை கேட்பவனுக்குத் தோன்றாது. இரண்டாம் பகுதி தொடங்கும்போது அது அந்தக் கீழிறங்கிய சுருதியிலேயே தொடங்குகிறது என்பதை அறிந்த பின்னரே, வழி முன்னமே வெட்டப்பட்டிருந்தது விளங்கும். தகல்லுஸ் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு நாம் கேட்டதில்லை.

முடிவு: நான்காம் பகுதியின் பெயர் 'ஸாம்'. தாவூத் நபி (அலை) அவர்களின் ஸபூர்ப் பாடல்களைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொல் அது. கோல்ட்ரேன் எழுதிய இறைதுதி ஒன்று உறையில் அச்சிடப்பட்டுள்ளது. அத்துதியை அவர் வாயால் ஓதவில்லை, சாக்ஸபோனால் ஓதுகிறார். அச்சிட்ட அடிகளைக் கண்முன் வைத்துக்கொண்டு கேட்டால், ஏறத்தாழ அசைக்கு அசை சுரங்கள் நடந்துவருவதைக் காணலாம். ஓர் அடி முடியுமிடத்தில் இசையும் வந்து அமர்கிறது. தாளக்கட்டு இல்லை, ஓதுதலின் மூச்சே அளவு.

இனி, குறைகளைக் கூறுவோம். முதலாவது, முதற்பகுதியின் குரல். பயின்ற பாடகனின் குரலன்று அது. கருவி ஏற்கெனவே சொல்லிமுடித்ததையே மீண்டும் சொல்கிறது. ஆகவே 'கூறியது கூறல்' என்று குற்றம் சாட்டலாம். இக்குற்றச்சாட்டை நாம் ஏற்கவில்லை. அக்குரல் இல்லையேல் அந்நான்கு சுரங்கள் ஒரு சொற்றொடர் என்பதையே நாம் அறிந்திருக்க மாட்டோம். முதற்பகுதியில் சுரம் சொல்லாயிற்று. இறுதிப்பகுதியில் சொல் சுரமாயிற்று. முன்னது திறவுகோல், பின்னது அது திறக்கும் கதவு.

இரண்டாவது, 'ரெசல்யூஷன்' என்னும் இரண்டாம் பகுதி. தனியே எடுத்துக் கேட்டால், அக்குழுவினர் அந்த ஆண்டுகளில் வாசித்த பிற உருப்படிகளினின்று இது பெரிதும் வேறுபடவில்லை. பல்லவியும், பியானோவும், சாக்ஸபோனும், மீண்டும் பல்லவியுமாக வழக்கமான நடைதான். இது ஓரளவு உண்மை. ஆனால் காழி ஜுர்ஜானீக்கு ஒரு நூற்றாண்டு பிற்பட்டவரும் அதே ஊர்ப்பெயர் பூண்டவருமான அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானீ 'நள்ம்' என்னும் கோட்பாட்டை நிறுவியதை நினைவுகொள்ள வேண்டும். சொல்லின் சிறப்பு தனிச்சொல்லில் இல்லை, அது கோக்கப்பட்ட முறையில் உள்ளது என்றார் அவர். வழக்கமான நடையுள்ள அப்பகுதி, ஓதலுக்கும் ஓட்டத்துக்கும் இடையே நிற்பதால்தான் உறுதி என்னும் தன் பெயருக்கு ஏற்ற உறுதியைப் பெறுகிறது. தனியே பிரித்தால் சாதாரணம். இடத்தில் வைத்தால் இன்றியமையாதது.

மூன்றாவது, மூன்றாம் பகுதியின் முடிவில் வரும் பாஸ் தனியிசை. டிரம்ஸின் தனி முழக்கத்தோடு தொடங்கிப் பெருவேகத்தில் எரிந்த பகுதி அது. அதன் தீ அடங்கி நான்காம் பகுதியின் அமைதிக்கு நாம் செல்ல ஒரு பாலம் வேண்டும் என்பது மெய்யே. ஆனால் பாலம் மூன்று நிமிட அளவுக்கு நீள்கிறது. அதன் நடுவே இசை தான் செல்லும் திசையைச் சிறிது நேரம் மறந்து நிற்பதாகவே நமக்குப் படுகிறது. இது குறையே. நயம்பட வேறு பெயரிட்டு மறைப்பதற்கில்லை. ஆயினும் இக்குறை காதிஹாவா? அன்று. அத்தளர்ச்சிக்குப் பின்னரும் 'ஸாம்' தொடங்கும்போது அதன் முதற்சுரம் தன் முழு வலிமையோடு நம்மை வந்து சேர்கிறது. பாலம் நீண்டது, ஆனால் இடியவில்லை.

ஆகவே நம் தீர்ப்பு இது: 'அ லவ் சுப்ரீம்' குறையற்ற தட்டு அன்று, நிறைவுற்ற தட்டு. இவ்விரண்டும் ஒன்றல்ல. குறையின்மை என்பது இல்லாமை ஒன்றைச் சுட்டும் சொல். துணிவான இடங்களையெல்லாம் வெட்டி எறிந்து, இடறக்கூடிய வழிகளில் கால்வையாமல் நடந்தால், குறை சொல்ல இடமில்லாத தொகுப்பு ஒன்றை யாரும் ஆக்கிவிடலாம். அதில் குறையும் இராது, உயிரும் இராது. நிறைவு என்பதோ உள்ளது ஒன்றைச் சுட்டும் சொல். எடுத்துக்கொண்ட பொருள், தொடங்கிய இடத்திலிருந்து சேரவேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது என்பதே நிறைவு. நல்ல குதிரைக்கும் ஓர் இடறல் உண்டு என்பது அரபுப் பழமொழி. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது நம் பழமொழி. இரண்டுமே குதிரையையும் யானையையும் இகழச் சொன்னவை அல்ல.

படைத்தவரே இதற்குச் சான்று கூறுகிறார். பதிவு முடிந்த மறுநாள் கோல்ட்ரேன் மேலும் இரு கலைஞர்களைச் சேர்த்து முதற்பகுதியை மீண்டும் வாசித்துப் பதித்தார். பின்னர் அதனை விலக்கிவிட்டார். அப்பதிவு 2002இல்தான் வெளிவந்தது. 1965 ஜூலை 26இல் பிரான்சு நாட்டின் அந்தீப் விழாவில் இதே படைப்பை வாசித்தபோது, அது ஏறத்தாழ நாற்பத்தெட்டு நிமிடமாக விரிந்தது. அக்டோபரில் சியாட்டில் நகரில் ஏழு பேர் கொண்ட குழுவுடன் வாசித்தது ஒரு மணி நேரத்தையும் கடந்தது. அப்பதிவு 2021இல் வெளியாயிற்று. குறையற்றது என்று கருதியிருந்தால் அவர் அதை மீண்டும் திறந்திருக்க மாட்டார். நிறைவற்றது என்று கருதியிருந்தால் முதல்நாள் பதிவை உலகுக்கு அளித்திருக்க மாட்டார். 1967இல் நாற்பது வயதிலேயே அவர் மறைந்தார். திறந்த கதவு திறந்தபடியே நிற்கிறது.

இவ்வளவு நுணுக்கம் ஒரு தட்டுக்கு வேண்டுமா என்று வாசகர் கேட்கலாம். வேண்டும் என்பதற்கு இரு காரணங்கள் உள. ஒன்று, இன்று இசை கைப்பேசி வழியே துண்டு துண்டாக வந்து சேர்கிறது. மூன்றாம் பகுதியும் நான்காம் பகுதியும் ஒரே மூச்சாக ஓடுமாறு அமைந்த தட்டிலிருந்து ஒன்றை மட்டும் உருவியெடுத்துக் கேட்கும் தலைமுறைக்கு, கோவை என்பதன் பொருளே மறந்துபோகும். கஸீதாவிலிருந்து ஓர் அடியை மேற்கோளாக அறிந்தவன் கஸீதாவை அறிந்தவன் ஆகான்.

மற்றொன்று, நம்மிடையே வழங்கும் பாராட்டு முறை. நூலுக்கு அணிந்துரை எழுதினாலும், மேடையில் கவிஞரை வாழ்த்தினாலும், 'குறையே இல்லை' என்பதையே மிக உயர்ந்த புகழ்ச்சியாகக் கருதுகிறோம். உண்மையில் அது கேட்காதவனும் படிக்காதவனும் கூடச் சொல்லக்கூடிய புகழ்ச்சி. ஒரு படைப்பை முழுதும் கேட்டவனே, 'இந்த இடத்தில் தளர்ந்தது, ஆயினும் சென்று சேர்ந்தது' என்று கூற முடியும். நம் பிள்ளைகள் எழுதிவரும் கவிதைக்கும் கட்டுரைக்கும் நாம் தரவேண்டியது இத்தகைய சொல்லே. குறையே இல்லை என்று கேட்டு வளர்ந்தவன் முதற்குறையைக் கேட்டதும் எழுதுகோலை வைத்துவிடுவான். தளர்ந்த இடமும் சேர்ந்த இடமும் சேர்த்துச் சொல்லப்பட்டவன் மறுபடியும் எழுதுவான்.

இசையில் நாட்டமுள்ளோர் இத்தட்டை ஒருமுறை இடைவிடாமல் கேட்பார்களாக. முதற்பக்கம் முடிந்ததும் சற்று நிறுத்தி, பின்னர் இரண்டாம் பக்கத்தைத் தொடங்குவார்களாக. பாஸ் தனியிசை நீண்டுவிட்டதாக நாம் கூறிய இடத்தில், நீளவில்லை என்று அவர்களுக்குத் தோன்றினால் நமக்கு எழுதலாம். நடுநின்று தீர்ப்பவனுக்கு இருசாரார் பேச்சும் வேண்டும் என்பதைத்தானே அந்த ரை நகரத்துக் காழியும் காட்டிச் சென்றார்.